பார்வை நரம்பில் மெய்வீக்கமும் பொய்வீக்கமும்: பிள்ளைகளின் கண் பற்றி நாம் அறியவேண்டியவை

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுத் தெல்தோட்டையில் நடைபெற்ற ஒன்றுகூடலில், சுகாதாரத் துறையில் பணிபுரியும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகளிலும் பணிபுரியும் நாம் இந்த மேடையில் எதைப் பற்றிப் பேசலாம் என்று கூடி யோசித்தோம். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதனால், அடிக்கடி வராத, ஆனால் வந்தால் ஒரு பிள்ளையின் பார்வையையும் சிலவேளை உயிரையும் தீர்மானிக்கின்ற ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டோம். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கியிருப்பது போலத் தெரிகிறது என்று வைத்தியர் சொன்னால் அதன் பொருள் என்ன? அது மெய்யான வீக்கமா, வீக்கம் போன்ற தோற்றமா? இதுவே எமது பொருள்.

மருத்துவத்தைத் தமிழில் விளக்க முடியுமா என்று எம்மிடம் சிலர் கேட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவர் போட்ட பாதையில் நாமும் இருபது நிமிடம் நடந்து பார்க்கலாம்.

முதலில், கண்ணுக்குள் இருப்பது என்ன? விஞ்ஞான பாடத்தில் விழித்திரையும் குருட்டிடமும் படித்தது நினைவிருக்கும். விழித்திரையிலிருந்து புறப்படும் ஏறக்குறைய பத்து முதல் பன்னிரண்டு இலட்சம் மெல்லிய நரம்பு நார்கள் ஓரிடத்தில் ஒன்றுகூடி, ஒரு கட்டாகிக் கண்ணை விட்டு வெளியேறி மூளைக்குச் செல்கின்றன. அவை வெளியேறும் அந்த வாசலே பார்வைத் தட்டு. அதன் குறுக்களவு ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான். அங்கே ஒளியை உணரும் கலங்கள் இல்லாததால் அதைக் குருட்டிடம் என்று படித்தோம். பார்வை இல்லாத அந்த இடத்தைப் பார்த்துத்தான் வைத்தியர் மூளையின் நிலையை அறிகிறார்.

அது எப்படி? மூளையைச் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகள் பார்வை நரம்பையும் சட்டையின் கை போலக் கண்வரை போர்த்தி வருகின்றன. மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடினால், அந்த அழுத்தம் உறைக்குள் இருக்கும் நீர் வழியாகக் கண்ணின் பின்புறம் வரை வந்து நரம்பை நெருக்குகிறது. நரம்பு நார்களுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் உயிர்ச்சத்து வாசலில் தேங்கி நிற்கிறது. நார்கள் உப்புகின்றன, தட்டு வீங்குகிறது. இரு கண்களிலும் இவ்வாறு வரும் வீக்கத்தைப் பாப்பிலோடீமா என்று வைத்தியர்கள் அழைப்பர். நாம் இங்கே மெய்வீக்கம் என்போம்.

இதைக் காண முடிந்தது ஒரு கருவியினால். 1851இல் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் பார்க்கும் கண்நோக்கியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1860இல் பேர்லினில் இருந்த வொன் கிறேஃபே என்ற கண் வைத்தியர், மூளை நோயுள்ளவர்களின் பார்வைத் தட்டு வீங்கியிருப்பதை விவரித்து எழுதினார். எமது மலையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு முன்னரே தெரிந்திருந்த உண்மை இது. இருந்தும், இன்றும் ஒரு பிள்ளைக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேருமா என்பது யாராவது ஒருவர் கண்ணுக்குள் பார்த்தாரா என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

மண்டைக்குள் அழுத்தம் கூடுவது ஏன்? மூளையில் கட்டி, மூளை நீர் வடியாமல் தேங்குதல், மூளைக்காய்ச்சல், மூளையிலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாளங்கள் உறைதல் என்பன சில காரணங்கள். ஸ்கானில் எதுவும் தெரியாமலே அழுத்தம் கூடும் ஒரு நிலையும் உண்டு. பருவமடைந்த பின் உடல் எடை விரைவாகக் கூடிய பெண்பிள்ளைகளில் அது அதிகம். பருவத்துக்கு முந்திய வயதில் ஆண், பெண் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. மெலிந்த பிள்ளைக்கும் வரலாம். முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற மருந்துகளும், விற்றமின் ஏ சார்ந்த மருந்துகளும், நீண்ட காலம் எடுத்த ஸ்ரீரொயிட் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் இதைத் தூண்டலாம். ஆகவே பிள்ளை எந்த மருந்தை எடுக்கிறாள் என்ற துண்டு கிளினிக்குக்கு அவசியம் வரவேண்டும்.

இனிப் பொய்வீக்கம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே பார்வைத் தட்டு சிறியதாக இருக்கும். அந்தச் சிறிய வாசலில் அத்தனை இலட்சம் நார்களும் நெருக்கியடித்து வெளியேறும்போது, தட்டு புடைத்து, ஓரம் மங்கித் தெரியும். தூரப்பார்வை உள்ள சிறிய கண்களில் இது அதிகம். குறும்பார்வையுள்ள சில கண்களில் நரம்பு சரிந்து நுழைவதால் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். இன்னும் சிலருக்குத் தட்டுக்குள் சுண்ணாம்புத்தன்மையுள்ள சிறு மணிகள் புதைந்திருக்கும். டிரூசன் என்பது அவற்றின் பெயர். ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேருக்கு இவை உண்டு. பெரும்பாலும் இரு கண்களிலும் இருக்கும். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. பெரியவர்களில் இம்மணிகள் தட்டின் மேற்பரப்பில் மினுங்குவதால் இலகுவில் அடையாளம் காணலாம். பிள்ளைகளில் அவை ஆழத்தில் புதைந்திருப்பதால் வெளியே வீக்கம் மட்டுமே தெரியும். பிள்ளைகளிடத்தில் இந்தக் குழப்பம் அதிகமாவதற்குக் காரணம் இதுதான்.

வைத்தியர் எதைப் பார்த்து வேறுபடுத்துகிறார்? உங்களுக்கும் ஓரளவு விளங்கும்படி சொல்கிறோம்.

மெய்வீக்கத்தில் தட்டு சிவந்து, இரத்தம் கட்டியது போலிருக்கும். நாளங்கள் தட்டின் ஓரத்தைக் கடக்கும் இடத்தில், மூடுபனிக்குள் மறையும் மலைப்பாதை போல, உப்பிய நார்களுக்குள் மறைந்து மறைந்து தெரியும். நாளங்கள் தடித்து நெளிந்திருக்கும். ஓரத்தில் சிறு இரத்தக்கசிவுகளும் பஞ்சுபோன்ற வெள்ளைத் திட்டுகளும் காணப்படலாம்.

பொய்வீக்கத்தில் தட்டு மஞ்சள் சாயலுடன் இருக்கும். ஓரம் கரடுமுரடாக இருந்தாலும் அதைக் கடக்கும் நாளங்கள் தெளிவாகத் தெரியும். நாளங்கள் தட்டின் நடுவிலிருந்தே வழமைக்கு அதிகமாகக் கிளைவிட்டிருக்கும். நடுவில் இருக்கவேண்டிய சிறு குழி இருக்காது.

நாளங்களின் துடிப்பையும் வைத்தியர் கவனிப்பார். தட்டின் நடுவிலுள்ள நாளம் தானாகத் துடிப்பது தெரிந்தால், அந்த நேரத்தில் மண்டைக்குள் அழுத்தம் அதிகமில்லை என்று ஓரளவு நம்பலாம். துடிப்பு தெரியாவிட்டால் பயப்படவேண்டும் என்று பொருளில்லை. நல்ல ஆரோக்கியமான பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு அது தெரியாது.

இவற்றில் எந்த ஓர் அடையாளமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. டிரூசன் உள்ள கண்ணிலும் எப்போதாவது இரத்தக்கசிவு வரலாம். டிரூசன் உள்ள பிள்ளைக்கே மூளை அழுத்தமும் கூடலாம். "உங்கள் மகளுக்கு இருப்பது பொய்வீக்கம்" என்று ஒருமுறை சொல்லப்பட்ட பிள்ளைக்குப் பின்னர் புதிதாகத் தலைவலியும் வாந்தியும் வந்தால், பழைய துண்டைக் காட்டிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

பரிசோதனைகள் எந்த ஒழுங்கில் நடக்கும் என்று தெரிந்திருந்தால் பெற்றோருக்குப் பதற்றம் குறையும். கதை கேட்பதும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதும் முதலில் நடக்கும். சொட்டு விட்டபின் சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அது தானாகச் சரியாகும். அத்துடன் இரத்த அழுத்தத்தை அளக்கவேண்டும். சிறுநீரக நோயால் பிள்ளைக்கு இரத்த அழுத்தம் மிக உயர்ந்தாலும் பார்வைத் தட்டு வீங்கும். இதற்குக் கண்டிக்குப் போகத் தேவையில்லை, எந்த வைத்தியசாலையிலும் சில நிமிடத்தில் அளக்கலாம்.

அடுத்து, கண்ணை மூடவைத்து இமைமேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான். சுண்ணாம்பு மணிகள் இருந்தால் அவை அதில் பளிச்சென்று தெரியும். வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஓ.சீ.டீ. எனப்படும் ஒளி ஸ்கான் தட்டின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பது போலக் காட்டும். தேவைப்பட்டால் கையில் சாயம் ஏற்றிப் படமெடுப்பர். மெய்வீக்கத்தில் அச்சாயம் தட்டிலிருந்து கசியும்.

இவற்றோடு மிக எளிய ஒன்றும் உண்டு: புகைப்படம். கண்ணின் பின்புறத்தை இன்று படமெடுத்து, சில வாரம் கழித்து மீண்டும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். பொய்வீக்கம் அப்படியே இருக்கும், மெய்வீக்கம் மாறும். உடல்நலமாக, வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்கு இப்படிக் காத்திருந்து பார்க்கும்படி நிபுணர் சொன்னால், அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆனால் குறித்த திகதியில் திரும்பிப் போகவேண்டும். அந்தத் திரும்பிப் போதல்தான் பரிசோதனையின் மறுபாதி.

அறிகுறி உள்ள பிள்ளைக்கும், தோற்றம் மெய்வீக்கமாகவே தெரியும் பிள்ளைக்கும் காத்திருக்க நேரமில்லை. அன்றே வைத்தியசாலையில் சேர்த்து மூளையை ஸ்கான் செய்வர். கட்டியோ நீர்த் தேக்கமோ இல்லையென்று கண்ட பின்னரே முதுகில் ஊசியிட்டு நீரின் அழுத்தத்தை அளப்பர். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றுக்குப் பின், பிள்ளைகளில் 28 சென்ரிமீற்றர் நீர் அளவு வரை இயல்பாக இருக்கலாம் என்று கொள்ளப்படுகிறது. முதுகில் ஊசியிட்டால் கால் வழங்காமல் போகும் என்ற பயம் எம்மவரிடம் இன்னும் இருக்கிறது. ஊசி போடும் இடம் முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழே என்பதை அத்தாய்மாருக்குச் சொல்லுங்கள்.

தவறினால் என்ன நடக்கும்? இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் 2012 பெப்ரவரியில் ஒரு சிறுவன் வழமையான கண் பரிசோதனைக்குப் போனான். கண்ணின் பின்புறம் படமெடுக்கப்பட்டது. அப்படத்தில் இரு பார்வைத் தட்டுகளும் வீங்கியிருந்தன. பரிசோதித்தவர் அன்றைய படத்தைப் பார்க்கவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பின், எட்டு வயதில், மூளையில் நீர் தேங்கி அச்சிறுவன் இறந்தான். 2016இல் அப்பரிசோதகருக்கு எதிராகக் குற்றத் தீர்ப்பு வந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. சட்டம் சொன்னதை விட்டுவிடுவோம். வீக்கம் படத்தில் பதிவாகியிருந்தது, அவன் நடந்துதான் வந்தான், சிகிச்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. நாம் நெஞ்சில் வைக்கவேண்டியது அதையே.

மறுபுறமும் ஒரு தீங்கு உண்டு. நிபுணர் கிளினிக்குகளுக்கு "நரம்பு வீக்கம்" என்று அனுப்பப்படும் பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்கு இருந்தது பொய்வீக்கமே என்று வெளிநாட்டு அறிக்கைகள் காட்டுகின்றன. அவர்களில் பலர் அதற்குள் கதிர்வீச்சு ஸ்கானும் முதுகு ஊசியும் மயக்க மருந்தும் பெற்றிருப்பர். எம் ஊர்களில் இன்னொன்றும் சேர்கிறது. "அந்தப் பிள்ளைக்கு மூளையில் கட்டியாம்" என்று லயத்துக்கு லயம் கதை பரவினால், ஸ்கான் நல்லபடி வந்த பின்னும் அக்கதை ஓயாது. பாடசாலையை விட்டு நிறுத்துவோரும் உண்டு. நாளைக்குப் பெண் கேட்டு வருவோரிடம் சொல்லிவைப்போரும் உண்டு. ஆகவே சந்தேகத்தை ஊருக்குச் சொல்லாமல் வைத்தியருக்கு மட்டும் சொல்லுங்கள்.

இப்போது இம்மண்டபத்தில் இருக்கும் ஆசிரியைகளுக்கும் தாய்மாருக்கும். எமது பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் பிள்ளை வாசிக்கிறாள். 6/6 என்று எழுதப்படுகிறது. அது பயனுள்ள பரிசோதனை. ஆனால் அது பார்வைக் கூர்மையை மட்டுமே அளக்கிறது. மெய்வீக்கத்தில் ஆரம்பத்தில் பார்வைக் கூர்மை குறைவதில்லை. பிள்ளை கடைசி வரியையும் வாசித்துவிடுவாள். கண்ணாடிக் கடையில் இயந்திரத்தின் முன் நாடியை வைத்து அளப்பதும் கண்ணாடியின் பவருக்காகவே. "கண் செக் பண்ணியாச்சு, நல்லம்" என்ற சொல்லைக் கேட்டால், கண்ணின் பின்புறத்தைப் பார்த்தார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கவனிக்கவேண்டியவை இவை. காலையில் எழும்பும்போதே தலைவலி. வாந்தியெடுத்தபின் அது சற்றுக் குறைதல். படுத்தாலோ இருமினாலோ தலைவலி கூடுதல். குனிந்து நிமிரும்போது சில வினாடிகள் பார்வை இருண்டு மீளுதல். ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் அல்லது புதிதாக ஒரு கண் உள்நோக்கித் திரும்புதல். காதுக்குள் நாடித்துடிப்போடு இரையும் சத்தம். நடையில் தள்ளாட்டம், எழுத்து மோசமாதல், இதுவரை நன்றாகப் படித்த பிள்ளை காரணமின்றிப் பின்தங்குதல். தலையை எப்போதும் ஒரு பக்கம் சரித்து வைத்திருத்தல். கைக்குழந்தையென்றால் தலையின் சுற்றளவு விரைவாகக் கூடுதல், உச்சிக்குழி புடைத்தல். உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு மண்டை விரிந்து கொடுப்பதால் தட்டு வீங்காமலே இருக்கலாம். அதனால் கண் நன்றாக இருக்கிறது என்று ஆறுதலடைய முடியாது.

இந்தத் தலைவலிகளுக்கு எம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். நெற்றியில் தைலம், ஒரு பனடோல், கண்ணூறு கழித்தல். பெண்பிள்ளை என்றால் "வயசு வந்த பிள்ளைக்கு அப்பிடித்தான்" என்ற ஒரு சொல். அம்மா விடிய முன் பிரட்டுக்குப் போகவேண்டும். ஒருநாள் பேர் போனால் சம்பளத்தில் தெரியும். கலஹா வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறி, கிளினிக்கில் இலக்கம் எடுத்து, திரும்பி வர ஒரு முழுநாள் போய்விடும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அந்த நாளும் பஸ் காசும் இலவசமில்லை. ஒரு தாய் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று சொல்வது பிள்ளைமேல் அன்பில்லாமல் அல்ல.

பிரித்தானியாவில் 2011இல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கம் தொடங்கியது. வயதுக்கு ஏற்ற அறிகுறிகளை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் மூளைக்கட்டி கண்டுபிடிக்கப்பட முன்னர் 14 வாரங்களுக்கு மேல் எடுத்தது. சில ஆண்டுகளில் அது ஏழு வாரங்களுக்கும் குறைவாக வந்தது. அட்டையோடு வைத்தியர்களுக்கான வழிகாட்டலும் சேர்ந்தே இதைச் சாதித்தது.

எமது சங்கம் நூறாவது ஆண்டில் மண்டபம் கட்டுவதா, வாயில் வளைவு கட்டுவதா என்று பேசிக்கொண்டிருக்கிறது. அவற்றோடு மூன்று சிறிய வேலைகளையும் சபையின் முன் வைக்கிறோம். ஒன்று, மேலே சொன்ன அறிகுறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டையில் அச்சிட்டு, இப்பகுதிப் பாடசாலைகள், தோட்ட டிஸ்பென்சரிகள், பிள்ளைமடுவங்கள் அனைத்துக்கும் கொடுத்தல். இரண்டு, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ பிள்ளையைக் கொண்டுசெல்லும் தாய்க்குப் போக்குவரத்துச் செலவும் அன்றைய சம்பளமும் கொடுக்க ஒரு சிறு நிதி. மூன்று, மொழி தெரியாமல் திகைக்கும் தாயோடு கூடப்போக, ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் ஒரு பெயர்ப்பட்டியல். லண்டனிலும் டொரொன்டோவிலும் சென்னையிலும் இருந்து இம்மலரைப் படிக்கும் சகோதரிகள் இரண்டாவது வேலையில் கைகொடுக்கலாம். மூன்றாவதைச் செய்ய இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னுமொரு சொல். மெய்வீக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. நீர்த் தேக்கமென்றால் வடிகுழாய் வைக்கலாம். கட்டியென்றால் சத்திரசிகிச்சை உண்டு. காரணம் தெரியாத அழுத்தத்துக்கு அசெற்றாசோலமைட் போன்ற மருந்தும் எடைக் குறைப்பும் உதவும். காலம் தாழ்ந்தால் நரம்பு நார்கள் இறந்துபோகும். அப்போது தட்டு வெளிறி, வீக்கமும் வற்றிவிடும். வீக்கம் வற்றியதைக் குணமானதாக எண்ணி மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளையின் பார்வை திரும்புவதில்லை. பொய்வீக்கமுள்ள பிள்ளைக்கோ பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. டிரூசன் உள்ளவர்களுக்குப் பக்கப்பார்வை மெல்லக் குறையலாம் என்பதால் ஆண்டுக்கொருமுறை பார்வைப் புலப் பரிசோதனை போதும். அவள் படிக்கலாம், ஓடலாம், எந்த வேலைக்கும் ஆயத்தமாகலாம். அவளிடம் இருக்கும் கண் படத்தின் பிரதியை மட்டும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடத்துக்குப் பின் வேறொரு நாட்டில் வேறொரு வைத்தியர் "நரம்பு வீங்கியிருக்கிறதே" என்று திடுக்கிடும்போது அந்தப் படம் அவளுக்காகப் பேசும்.

இருபது நிமிடம் பொறுமையோடு கேட்டீர்கள். தேநீர் வேளையில் எம்மிடம் கேள்வி கேட்க விரும்புவோர் கூச்சமில்லாமல் வாருங்கள். உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ காலையில் தலைவலியோடு எழும்பும் பிள்ளை ஒருத்தி இருந்தால், அவளைப் பற்றி முதலில் கேளுங்கள்.